ரெண்டு பேருக்கு ஒரு கார்

உட்காருங்கள் என்று சொன்னதும் உட்கார்ந்துவிடுகிற ஆள் இல்லை சங்கரபாண்டியன். முதலில் நாற்காலி மெத்தையின் மேல் முஷ்டியை வைத்து ஓர் அமுக்கு. கையை எடுத்து, அமுங்கிய இடம் எழுந்து வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்ப்பார். வீட்டுக்காரர் காபி சொல்ல உள்ளே போன நேரம் பார்த்து நாற்காலியையே கவிழ்த்து அடிப்பக்கத்தையும் பார்த்துவிடுவார். மகளுக்குச் சம்பந்தம் பேசப் போன வீட்டிலும் இதையேதான் செய்தார். மாப்பிள்ளை வீட்டார் தேளோ பூரானோ என்று பதறி எழுந்து வேட்டியை உதறினார்கள். "ஒண்ணுமில்லே, உக்காருங்க. நாரு வச்சிருக்கானா, வைக்கோலை அடைச்சு ஏமாத்தியிருக்கானான்னு பாத்தேன்" என்றார் இவர். வைக்கோல்தான் இருந்தது. சம்பந்தம் எப்படியோ முடிந்துவிட்டது. அந்த நாற்காலியைப் பற்றி மட்டும் இரண்டு வீட்டாரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

சிவகாசியில் வெடிக் கம்பெனிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் லித்தோ பிரஸ் ஒன்றின் சின்ன முதலாளி அவர். பெரிய முதலாளி அண்ணன் நல்லசிவம். சின்ன முதலாளிக்கு ஐம்பது நெருங்குகிறது. சலவை வேட்டி, முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, நெற்றியில் திருநீறு. எல்லாம் கடை முதலாளி மாதிரித்தான் இருக்கும், விரல்களைப் பார்க்கிறவரை. விரல் நுனியெல்லாம் கோணி ஊசி குத்திக் குத்திச் சல்லடையாகியிருக்கும். சோற்றில் ரசம் ஊற்றும்போது எரிகிறது என்று இடது கையால் உஸ் உஸ் என்று விசிறிக்கொள்வார். ஆனாலும் அந்த விரல்களை யாராவது உற்றுப் பார்த்தால் அவருக்கு உள்ளூர ஒரே குஷி.

இத்தனைக்கும் காரணம் ஒரு கார். மேற்கு மலையில் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர், சண்டைக்கு முன்னால் சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்த எம்.ஜி. கார். பந்தயத்துக்கு ஓட்டுகிற ஜாதி. நீள மூக்கு, கம்பிச் சக்கரம், கரும்பச்சை வர்ணம். துரை ஊருக்குப் போனபின் மாட்டுத் தீவனக் கொட்டகையில் கிடந்தது. பேப்பர் லோடு விஷயமாக அந்தப் பக்கம் போன சங்கரபாண்டியன் எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், ஆள் காலி. கூட வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி வெற்றிலையும் போட்டாயிற்று, இவர் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை.

என்ஜினை விருதுநகர் மெக்கானிக் கோட்டைச்சாமி சரி பண்ணிக் கொடுத்தார். "என்ஜின் தங்கம் மொதலாளி. உள்ளதான் குப்பமேடு. மதுரைக்கு அனுப்புங்க, சீட்டுத் தைக்கிறவன் இருக்கான்" என்றும் சொன்னார். உள்ளே எலி குடித்தனம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்திருந்தது. சீட்டுத் தோல் கிழிந்து ஸ்பிரிங் குத்திட்டு நின்றது. கதவின் உட்பக்கத்தில் பலகை இற்றுப்போய்க் கம்பி மட்டும் தொங்கியது. மதுரைக்கு அனுப்ப மாட்டேன் என்று தலையை ஆட்டினார் சங்கரபாண்டியன். "என்ஜின் ஓட்டுறவனுக்குடா. சீட்டு, கூட வர்றவுகளுக்கு. அதை எவங்கிட்டயோ விட முடியுமா? நானே தைப்பேன்" என்றார். அதுவரை அவர் சட்டைப் பொத்தான்கூடத் தைத்ததில்லை.

கார் வந்திருக்கிறது என்றதும் வீடே வாசலுக்கு ஓடி வந்தது. வந்த வேகத்தில் அப்படியே நின்றது. அண்ணன், மதினி, தம்பிமார், அவர்கள் பெண்டாட்டிமார், பிள்ளைகள், மருமக்கள் என்று பந்தி போட்டால் கூடம் கொள்ளாத குடும்பம். காரிலோ இரண்டே இடம். அண்ணன் மனைவி ஆவுடைத்தாய்தான் வாய் திறந்தார்: "கொழுந்தனாரே, மத்தவுகல்லாம் எங்கன உக்கார்றது?"

"மத்தவுகளுக்குத்தான் லாரி இருக்குல்ல மதினி" என்றார் சங்கரபாண்டியன், வெகுளியாக.

அந்த வார்த்தை வீட்டில் ரொம்ப நாள் புகைந்தது. குடும்பமே கூடி வாழ்கிற வீட்டில் இரண்டு பேர் மட்டும் போகிற காரா? அப்படி என்ன ரகசியம், எங்கே போகப் போகிறார்கள்? நல்லசிவம் அண்ணாச்சி ஒரே வார்த்தையில் முடித்தார்: "கிறுக்கு." ஆனால் அந்தக் கொட்டகையில் சங்கரபாண்டியனைக் கட்டிப்போட்டது அதுதான். இந்தக் காரில் மூன்றாவது ஆளுக்கு இடமே கிடையாது! யாரும் ஏற முடியாது, யாரையும் ஏற்றிக்கொள் என்று யாரும் சொல்லவும் முடியாது.

கோட்டைச்சாமியிடம் மட்டும் ஒருநாள் மனம் விட்டுச் சொன்னார். கல்யாணமாகிக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. மனைவி லட்சுமிகாந்தம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் இடத்துக்குப் போனதில்லை. கோயிலுக்கு என்றால் ஆம்பளைகள் முன்னால், பொம்பளைகள் பின்னால். சினிமாவுக்கு என்றால் இவர் ஆம்பளைகள் பக்கம், அவர் தடுப்புக்கு அந்தப் பக்கம். கல்யாண வீட்டுக்கு வில் வண்டியில் போனாலும் நடுவில் மதினி, மடியில் அடுத்த வீட்டுக் குழந்தை, காலடியில் சீர்த் தட்டு. "ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போவோம்ல, அன்னிக்கு ஒரு தடவை காந்தத்தைப் பக்கத்துல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிரணும்லே. அம்புட்டுத்தான்" என்றார். சொல்லும்போதே காது சிவந்துவிட்டது.

காந்தம் சம்மதித்தால் அல்லவா? விஷயத்தைக் கேட்டதும் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை நிறுத்தாமலே அவர் சொன்ன பதில் இது: "அம்புட்டுப் பேரும் லாரியில வர, நான் மட்டும் மகாராணி கணக்கா முன்னால போவனாக்கும்? பாக்குறவுக என்ன நெனப்பாக? அதுவும் விரத ஒடம்போட மாட்டுத் தோலு மேல உக்காந்துக்கிட்டு. நல்லாத்தான் யோசிச்சீக!"

முதல் பாதியைச் சங்கரபாண்டியன் தள்ளிவைத்தார். இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டார். தோல்தானே? தூக்கு அதை! வீட்டை ஒட்டிய பிரஸ்ஸுக்குப் பின்னால் பேப்பர் வைக்கிற கொட்டகையில் காரை நிறுத்தி, பழைய தோலை அங்குலம் அங்குலமாகப் பிரித்தார். தீபாவளி சீசன் தலைக்கு மேல் நிற்கிறது, ஆர்டர் மேல் ஆர்டர் குவிகிறது, மெஷின் ஓய்கிறதே இல்லை. சின்ன முதலாளியோ சாயங்காலம் நாலு மணி அடித்தால் கொட்டகையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பார், வாயில் நூலும் மடியில் சீட்டுமாக.

சீட்டைப் பிரித்தபோது உள்ளே குதிரை முடி அடைத்திருந்தது தெரிந்தது. அசந்துபோனார். "சீமைக்காரன் சும்மா இல்லப்பா, குதிரை முடியிலயில்ல உக்காந்திருக்கான்!" என்று பிரஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு அவர் கால் தானாகவே ஜட்கா வண்டிகள் நிற்கிற இடத்துக்குப் போக ஆரம்பித்தது. குதிரைகளின் வாலை உற்றுப் பார்ப்பார். தொட்டுப் பார்ப்பார். ஒரு குதிரை உதைக்க வந்தது. வண்டிக்காரர்கள் இவர் தலை தெரிந்தாலே குதிரையைத் திருப்பி, முகத்தை இவர் பக்கம் வைத்து நிறுத்தினார்கள். கடைசியில் குதிரையை விட்டுவிட்டுத் தேங்காய் நாருக்கு வந்தார். அடியில் நார், மேலே இலவம் பஞ்சு.

முதல் சீட்டில் ஆசை மிகுந்து பஞ்சைத் திணித்தார் பாருங்கள், ஏறி உட்கார்ந்தால் தலை முன்கண்ணாடிக்கு மேலே நின்றது. சோதித்துப் பார்க்க வந்த கோட்டைச்சாமி, "மொதலாளி, இது காரா ஒட்டகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினார். சங்கரபாண்டியன் பிரித்துப் பஞ்சை எடுத்தார். இப்போது ஸ்பிரிங் முதுகில் குத்தியது. மறுபடி பிரித்தார். கதவுக்கு அட்டை வெட்டியபோது இரண்டையும் இடது கதவுக்கே வெட்டிவிட்டார். அதை ஒரு வாரம் யாருக்கும் காட்டாமல் பேப்பர் கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். தோற்கத் தோற்க அவருக்கு உற்சாகம் ஏறிற்று. சாப்பிட உட்கார்ந்தால் அப்பளத்தை வளைத்து, "சீட்டு முதுகு இப்பிடித்தான் வரணும்" என்பார். அப்பளம் உடைந்துபோகும்.

மேல் துணிக்கு எங்கேயும் அலையவில்லை. பைண்டிங் செய்கிற சிவப்புக் காலிகோ பிரஸ்ஸிலேயே சுருள் சுருளாகக் கிடந்தது. வழவழவென்று, தொட்டால் குளுகுளுவென்று இருக்கும். நல்லசிவம் அண்ணாச்சி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "ஏலே, நாலு பேரேட்டைச் சேத்துத் தச்ச மாதிரில்ல இருக்கு. ஏறி உக்காந்தா கடன்காரன் ஞாபகம் வருமேடா" என்றார். சொன்னாலும் ஒரு விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அதைக் கவனித்துவிட்ட தம்பிக்கு அன்று இரட்டைச் சந்தோஷம்.

டாஷ்போர்டில் சீமை மரம் பதித்திருந்தார்களாம். அது செல்லரித்துப் போயிருந்தது. மரத்துக்கு எங்கே போவது? சங்கரபாண்டியன் யோசித்தார். நாம் கிளி கேட்டால் கிளி அடிக்கிறோம், புலி கேட்டால் புலி அடிக்கிறோம். மரத்தையும் அடித்துவிட்டால் என்ன? பிரஸ்ஸின் ஆர்ட்டிஸ்ட் சோலைச்சாமியைக் கூப்பிட்டு, லித்தோ கல்லில் மரத்தின் ரேகையை வரையச் சொன்னார். மூன்று கலரில் மரம் அச்சாகி வந்தது! ஒட்டி, மேலே வார்னிஷ் பூசினால் சத்தியமாக மரம்தான். ஒரே ஒரு சங்கதி. பிரஸ் பெயர் போடாமல் எந்த லேபிளையும் வரைந்து சோலைச்சாமிக்குப் பழக்கமில்லை. மரத்தின் கீழ் ஓரத்திலும் பொடி எழுத்தில் பிரஸ் பெயரும் சிவகாசி என்ற ஊரும் இருந்தன. அழிக்கட்டுமா என்று அவர் கேட்டார். "கெடக்கட்டும்லே, நம்ம மரம்தான்" என்றார் சங்கரபாண்டியன்.

கதவுக்குத்தான் பெரிய சோதனை வந்தது. சரியாக வெட்டிய அட்டையில் காலிகோவைச் சுற்றி, மைதாப் பசை காய்ச்சி, கதவில் ஒட்டிவிட்டார். சிவகாசியில் எதை எதனோடு சேர்க்கவும் மைதாப் பசைதான். வெடிக்குழாய், லேபிள், காலண்டர், பெட்டி எல்லாம் அதில்தான் நிற்கின்றன. கார் கதவு நிற்காதா? மறுநாள் கொட்டகையைத் திறந்தால் எதிர்வீட்டு ஆடு காருக்குள் ராஜா மாதிரி நின்றுகொண்டிருந்தது. லேபிள் வெட்டின கழிவைத் தின்றே வளர்ந்த ஆடு. ஒரு கதவை முழுசாகத் தின்றுவிட்டு, அடுத்ததைப் பாதி முடித்திருந்தது. சங்கரபாண்டியனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆட்டை அடிக்கக் கையை ஓங்கியவர், அது அவ்வளவு ருசித்துத் தின்றதைப் பார்த்து ஓங்கிய கையைக் கீழே போட்டார்.

சத்தம் கேட்டு லட்சுமிகாந்தம் வந்தார். கொட்டகைப் பக்கமே அதுவரை அவர் எட்டிப் பார்த்ததில்லை. குதறிய கதவைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"மயில்துத்தம் போட்டீகளா?"

"ம்?"

"துத்தம் போடாம பசை காய்ச்சுனா ஆடும் திங்கும், கரப்பானும் திங்கும். பொறந்ததுலேருந்து பசை வாசத்துலயே இருக்குற மனுசனுக்கு இதுகூடவா தெரியல? நகருங்க."

மறுநாள் பெரிய சட்டியில் பசை கொதித்தது. நீலக்கல் மாதிரி மயில்துத்தத்தைப் பொடித்துப் போட்டுக் கிண்டினார் காந்தம். கட்டி தட்டாமல், கம்பி பதத்தில், அப்படி ஒரு பசை! அவரே கொட்டகைக்குத் தூக்கி வந்து, பிரஷ்ஷை வாங்கி அட்டையில் தடவியும் கொடுத்தார். ஆடு வந்து மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்துவிட்டுப் போனது. சங்கரபாண்டியன் துள்ளிக் குதிக்காத குறை. வெள்ளிக்கிழமை வர்றியா என்று அந்த நேரத்திலேயே கேட்டுவிடலாமா என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? பசை காயட்டும் என்று இருந்துவிட்டார்.

இதெல்லாம் முடிந்தும் காருக்கு மேல் மூடி போடவில்லை. மடக்குகிற இரும்புச் சட்டம் பின்னால் கிடந்தது, அதற்குப் படுதா தைக்கவில்லை. "டாப்பு எங்க மொதலாளி? மழை வந்தா?" என்றார் கோட்டைச்சாமி. கொட்டகையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். சிவகாசியில் மழையா! மழை பெய்கிற ஊரில் எவனாவது வெடி செய்வானா, லேபிள் காயவைப்பானா? காலையில் ஒட்டினது மத்தியானத்துக்குள் முறுகிப் போகிற வெயில் அல்லவா சோறு போடுகிறது? சங்கரபாண்டியனும் வயிறு குலுங்கச் சிரித்தார். படுதாவைத் தை மாதம் தைத்துக்கொள்ளலாம் என்றார்.

ஆடி கடைசி வெள்ளி. விடிந்ததும் லாரி வாசலில் நின்றது. சமுக்காளம் விரித்து, பாத்திரம் பண்டம் ஏற்றி, பிள்ளைகளைத் தூக்கிப் போட்டு, ஒரே களேபரம். லாரிக்கு முன்னால் எம்.ஜி. கார் உறுமிக்கொண்டிருந்தது. சங்கரபாண்டியன் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து மட்டும் விறைத்திருந்தது. இடப்பக்கத்துச் சீட் சிவப்பாக, காலியாக இருந்தது.

லட்சுமிகாந்தம் மஞ்சள் சேலையும் கையில் காப்புமாக, மாவிளக்குக் கூடையோடு வந்தார். நேரே லாரிக்குத்தான் போனார். ஏணியில் ஒரு கால் வைத்தும்விட்டார். மேலே இருந்த ஆவுடைத்தாய், பக்கத்தில் இருந்த பித்தளை அண்டாவை இழுத்துக் காலி இடத்தில் வைத்தார். காலையும் நீட்டிக்கொண்டார்.

"இங்கன எடமில்ல. அங்கன போ."

"மதினி, அதான் அம்புட்டு எடம் கெடக்கே..."

"எடமில்லன்னா இல்ல. போளா, மனுசன் எம்புட்டு நேரம் கழுத்தை விறைச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு?"

லாரியே கொல்லென்று சிரித்தது. காந்தம் தலையைக் குனிந்துகொண்டு காருக்கு வந்தார். கதவைத் திறந்தார். ஏறவில்லை. சிவப்பு மெத்தையில் முஷ்டியை வைத்து ஓர் அமுக்கு அமுக்கினார். கையை எடுத்து, எழுந்து வருகிறதா என்று பார்த்தார். அழகாக எழுந்து வந்தது. பிறகுதான் ஏறி உட்கார்ந்தார். சங்கரபாண்டியன் கியரைப் போட்ட வேகத்தில் கார் ஒரு துள்ளு துள்ளியது.

அடடா, அந்தப் பயணம்! சாத்தூர் சாலையில் காற்று முகத்தில் அடித்தது. நடந்து போகிற ஜனமெல்லாம் ஒதுங்கி நின்று வாய் பிளந்து பார்த்தது. காந்தம் முதலில் முக்காடு மாதிரி முந்தானையை இழுத்துப் பிடித்திருந்தார். கொஞ்ச தூரத்தில் விட்டுவிட்டார். "இது என்ன மரம்?" என்று டாஷ்போர்டைத் தொட்டார். பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கலகலவென்று சிரித்தார். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டதாகவே சங்கரபாண்டியனுக்கு நினைவில்லை. லாரி வெகுதூரம் பின்தங்கிவிட்டது.

சாத்தூர் தாண்டியதும் வானம் இருண்டது. ஒரு சொட்டு கண்ணாடியில் விழுந்தது. இன்னொரு சொட்டு. பிறகு கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டது! சாலையில் போன பொம்பளைகள் குலவை போட்டார்கள். "ஆத்தா வந்துட்டா, மாரியாத்தா எறங்கிட்டா" என்று கைகளை மேலே தூக்கி ஆடினார்கள். கரிசக்காட்டுக்காரர்கள் தலையில் போட்ட துண்டையும் எடுத்துவிட்டு நனைந்தார்கள். ஊரே கொண்டாடிய மழையில் சங்கரபாண்டியனுக்கு மட்டும் உயிர் போயிற்று. மயில்துத்தம் ஆட்டைத் தடுக்கும், கரப்பானைத் தடுக்கும். தண்ணீரில் மைதாப் பசை மைதாவாகிவிடாதா? இடது கதவின் காலிகோ மேல் ஓரத்தில் வாய் திறந்தது. அப்படியே மெள்ளச் சுருண்டு இறங்கியது. உள்ளே அட்டை ஊறிக் குழைந்தது. அவர் காரைப் புளியமரத்தடியில் நிறுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் லாரியும் வந்து நின்றது. தார்ப்பாயை இழுத்து மூடி, உள்ளே எல்லோரும் சொட்டு நனையாமல் இருந்தார்கள். சங்கரபாண்டியன் இறங்கினார். லாரிக்குள்ளிருந்து ஒரே சிரிப்பு. பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். காலிகோவின் சாயம் அவ்வளவும் வெள்ளை வேட்டியின் பின்பக்கத்தில் இருந்தது.

முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நல்லசிவம் அண்ணாச்சி தலையை நீட்டினார். கேலி செய்யவில்லை. "ஏலே, காந்தத்தை இங்கன ஏறச் சொல்லு. விரத ஒடம்பு, நனஞ்சு காய்ச்சல் கீய்ச்சல் வந்துரப் போகுது. நீ மெல்ல வந்து சேரு" என்றார். ஆவுடைத்தாயும் இந்தத் தடவை அண்டாவை நகர்த்தி இடம் பண்ணினார்.

சங்கரபாண்டியன் காரிடம் வந்து நின்றார். நியாயமான பேச்சு. இத்தனை நாள் தைத்ததும் பிரித்ததும் சாத்தூர் தாண்டுகிறவரைக்குத்தான். "அண்ணாச்சி கூப்புடுறாக" என்றார், மனைவி முகத்தைப் பார்க்காமல். "லாரியில ஏறிக்க காந்தம்."

லட்சுமிகாந்தத்தின் மஞ்சள் சேலையில் சிவப்பு வழிந்து மடியெல்லாம் குங்குமமாக இருந்தது. மாவிளக்குக் கூடையை முந்தானையால் மூடி வயிற்றோடு அணைத்திருந்தார். நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

"ஏறி ஓட்டுங்க" என்றார்.

சொல்லிவிட்டு, இடது கையை நீட்டி, சுருண்டு தொங்கிய காலிகோவைத் தூக்கிக் கதவில் வைத்து, உள்ளங்கையை விரித்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.